ரெண்டு மாசம் போகட்டும்

நைனா,

நேற்று திருமலை அடிவாரத்து அலிபிரியில் விருந்தாளிகளை மலைக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பஸ் என்னைக் கடந்தபோது, சூடேறிய பிரேக்கின் வாசனை முகத்தில் அடித்தது. இந்த வாசனை வந்தாலே, “எவனோ பிரேக்க நம்பி எறங்கிக்கினு வரான்” என்று நீ மூக்கைச் சுளிப்பாய். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது உன் வேதம். ஆனாலும் உன் காக்கிச் சட்டையில் அந்த வாசனை எப்போதும் கொஞ்சம் இருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் அம்மாவால் அதைப் போக்க முடியவில்லை.

டிரைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசனையில் மலைப்பாதையோ, அப்பன் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்ததோ நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது கம்ப்யூட்டரில் படம் காட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டு. நீயும் நானும் எட்டு மாதம் அதைப் பற்றிப் பேசினோம். நீ இருக்கும்வரை அது நம் வீட்டுக்கு வரவில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தாலும் உன்னால் படிக்க முடியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவன் நீ. தமிழ்ப் பேச்சையே தெலுங்கு எழுத்தில்தான் குறித்துக்கொள்வாய். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா எனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது, “இத வெச்சிக்கினு இந்த ஊர்ல இன்னா பண்ணப் போற?” என்று கேட்டாய். இதைத்தான் பண்ணுகிறேன். நீ படிக்க முடியாது என்ற தைரியத்தில், உன் எதிரில் சொல்ல முடியாததைச் சொல்லப் போகிறேன்.

பதினேழு வயதில் நான் இன்டர் படித்துக்கொண்டிருந்தபோது நம் சித்தூர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மாமா தன் கடையில் வேண்டாம் என்று ஒதுக்கியதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கவாட்டு மூடி கிடையாது. ஆன் செய்தால் மாவு மெஷின் மாதிரி சத்தம் போடும். நான் பெயிண்ட் பிரஷ்ஷால் அதன் தூசியைத் தட்டினேன். பழைய சாமான் கடையில் பொறுக்கிய ஒரு ராம் மெமரித் துண்டைச் செருகிப் பார்த்தேன், வேலை செய்தது. ஒரு இயந்திரத்தின் உள்ளே கையை விட்டு அதை முன்னைவிட நன்றாக ஓட வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதில் கார் பந்தய ஆட்டம் ஒன்று ஓடும், திக்கித் திக்கி. காலேஜிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் அதை ஆடினால்தான் எனக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

நீ திருப்பதியில் டூட்டி பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவாய். உன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன். எனக்கு மார்க் குறைந்த அந்த வாரம் அணைக்க நேரம் கிடைக்கவில்லை. நீ ஒன்றும் திட்டவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாய். கட்டில் மேலிருந்த போர்வையில் கம்ப்யூட்டரை மூட்டை கட்டினாய். அதைக் கொண்டுபோய் உன்னோடு டூட்டி பார்த்த கண்டக்டரின் மகனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாய். சும்மாவே கொடுத்தாய். அம்மா கேட்டதற்கு, “ஆம்பளப் பையன், அவனாவது படிச்சிக்குவான். பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?” என்றாய்.

நான் அழவில்லை. போர்வை திரும்பி வரவில்லையே என்று அம்மாதான் ரெண்டு நாள் புலம்பினாள்.

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் படித்தேன். இன்ஜினியரிங் முடித்தேன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கைப்பேசிக்குள் இருக்கும் போர்டுகளைப் பரிசோதிக்கிற பிரிவில் இப்போது எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். “எம் பொண்ணு” என்று நீ டிப்போவில் சொல்லிக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். ஆனால் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் நான் வாங்கவில்லை. ஆசை இருந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிப்பேன், வீடியோ பார்ப்பேன். எந்தப் பிராசஸருக்கு எந்த மதர்போர்டு பொருந்தும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வாங்கும் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்பது போல இருக்கும்.

நீ ரிட்டயர் ஆனாய். அடுத்த வருஷமே சர்க்கரை உன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. நாம் எல்லாரும் திருப்பதிக்கே வீடு மாற்றி வந்தோம். முப்பது வருஷம் மலை ஏறி இறங்கின நீ, கட்டைக் காலும் ஊன்றுகோலுமாக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாய். சாமி கும்பிட மலைக்குப் போகலாம் என்று அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டாள். “பாசிஞ்சரா குந்திக்கினு நான் ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டாய்.

அந்த நாட்களில்தான் யாரோ உன் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒரு ஆள் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து, மேஜையில் மாட்டிய ஸ்டியரிங்கைப் பிடித்து, திரையில் தெரியும் மலைப்பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் வேலையிலிருந்து வந்ததும் அதை எனக்குக் காட்டினாய். “பாப்பா, இது நெஜமாவே பஸ்ஸு மாதிரி இருக்குமா? நம்ம வூட்ல வெக்க முடியுமா?” என்று கேட்டாய்.

முடியும் என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நைனா. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

அடுத்த சில வாரங்கள் நம் இருவருக்கும் நன்றாகப் போயின. சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு ஒரு நோட்டில் நான் படம் போட்டுக் காட்டுவேன். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்யும் என்று நீ கேட்டுக் கேட்டுத் தெலுங்கில் எழுதிக்கொள்வாய். பெரிய பிராசஸர் போட்டு சின்ன கிராபிக்ஸ் கார்டு போட்டால் பணம் வீண் என்று சொன்னபோது உடனே புரிந்துகொண்டாய். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கொஞ்சம் மலிவானது போதும் என்று நான் சொன்னதற்கு, “அதுல கம்மி பண்ணாத. கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் நல்லதா போடணும்” என்றாய். நீ சொன்னதுதான் சரி. எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஆட்டோ வைத்து உன்னைத் திருப்பதி கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் உனக்கு நாற்காலி போட்டார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் உன்னைப் பார்த்தே பதில் சொன்னார். பையனுக்கா சார் என்று தெலுங்கில் கேட்டார். “நாக்கே” என்றாய் நீ, எனக்கேதான் என்று. அவர் சிரித்துவிட்டு மறுபடியும் உன்னிடமே எதையோ விளக்கத் தொடங்கியதும், கையைக் காட்டி நிறுத்தினாய். எனக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் கேள், அவள்தான் இதில் இன்ஜினியர் என்றாய். பதினேழு வயதில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது. கிடைத்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்ததை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாய் என்று கோபம்தான் வந்தது.

அன்று வாங்கியிருக்கலாம். எல்லாம் கடையில் இருந்தது. ஆனால் புது வகை கிராபிக்ஸ் கார்டு வரப்போகிறது என்றும், அது வந்தால் இந்தப் பழையது விலை இறங்கும் என்றும் சொல்லி, “ரெண்டு மாசம் போகட்டும் நைனா” என்றேன். அது உண்மைதான். கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் அன்று அதைத்தான் சொல்லியிருப்பார்கள். “நீ சொன்னா சரி” என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாய்.

ரெண்டு மாதம் போனது. புதியது வந்தது, பழையது விலை இறங்கவில்லை. கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். அதிலும் பாதி உண்மை இருந்தது. பிறகு ராம் விலை ஏறத் தொடங்கியது. இறங்கட்டும் என்றேன். நீ தினமும் சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும், “இன்னா பாப்பா, எறங்குச்சா?” என்று கேட்பாய். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போவேன். உன் முகம் சுருங்குவது வாஷ்பேசின் கண்ணாடியில் தெரியும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. விலை ஏறினாலும் வாங்கும் அளவுக்கு எனக்குச் சம்பளம் இருந்தது. நீ என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்பதும், நான் இல்லை என்று சொல்வதும் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ கேட்டாய். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

“எப்பப் பாத்தாலும் ரெண்டு மாசம். எனக்கு எத்தினி ரெண்டு மாசம் இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்க?”

“நான் பன்னெண்டு வருஷம் இருந்தேன் நைனா. நீ ரெண்டு மாசம் இருக்க மாட்டியா?”

“நீ எதுக்கு இருந்த?”

“கம்ப்யூட்டருக்கு. நீ தூக்கிக்கினு போயி குடுத்தியே, அதுக்கு.”

நீ என்னைப் பார்த்தாய். நடிப்பே இல்லாத முகம்.

“எந்த கம்ப்யூட்டர்?” என்று கேட்டாய்.

நான் சொன்னேன். மாமா கொடுத்தது, வயரைப் பிடுங்கியது, போர்வை, கண்டக்டரின் மகன், நீ அன்று சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அம்மா கீரையை வைத்துவிட்டு உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ பொறுமையாக, யாரோ ஒருவர் வீட்டுக் கதையைக் கேட்பது போலக் கேட்டாய். முடித்ததும், “இருக்கும். குடுத்திருப்பேன். நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பேன்” என்றாய்.

பன்னிரண்டு வருஷம் நான் தூக்கிச் சுமந்தது உன் ஞாபகத்தில் ஒரு துளிகூட இல்லை. நீ மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தப்புதான் என்றிருந்தால் அன்றைக்கே ஆர்டர் போட்டிருப்பேன். மறந்துபோன ஆளை நான் என்ன செய்வது? எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு நீ எறங்குச்சா என்று கேட்கவே இல்லை. நீயாகக் கேட்டால் பார்க்கலாம் என்று நானும் இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது.

பிறகு உன் இடது பாதத்தில் ஒரு சின்னக் கொப்புளம். அது புண்ணானது, காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாய். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நீ கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே போனில் எல்லாவற்றையும் ஆர்டர் போட்டேன். பிராசஸர், போர்டு, ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ், ஸ்டியரிங், மானிட்டர். எட்டு மாதம் இழுத்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. திரையை உன் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஆர்டர் போட்டுவிட்டேன் என்றேன்.

“இப்போ எதுக்கு?” என்றாய். “நீதான ரெண்டு மாசம் போகட்டும்ன.”

குத்திக் காட்டினாயா, இல்லை, மகள் சொன்ன கணக்கை நினைவு வைத்துக்கொண்டுதான் கேட்டாயா? உன் குரலை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

நீ போன மூன்றாம் நாள் பார்சல்கள் வரத் தொடங்கின. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். வாசலில் நின்ற கூரியர் ஆள் உள்ளே நடப்பது புரியாமல் ஓடிபி சொல்லுங்கள் மேடம் என்றான். தலை விரித்து உட்கார்ந்திருந்த நான் எழுந்து போய் எண்ணைச் சொல்லி, பெட்டியை வாங்கி உன் நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். அன்றைக்கே இன்னும் இரண்டு வந்தன. “அப்பன் போயி மூணு நாள் ஆவல, கம்ப்யூட்டர் வாங்கறா பாரு” என்று சித்தப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அது உனக்கு வாங்கியது என்று அம்மா சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அதைச் சொன்னால் ஏன் இப்போது வருகிறது என்று அடுத்து கேட்பார்கள்.

காரியம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் பெட்டிகளைப் பிரித்தேன். தினமும் போர்டுகளோடு பழகிய கை. மதியத்துக்குள் பொருத்தி முடித்து சுவிட்சைப் போட்டேன். முதல் தடவையிலேயே திரை வந்தது. விசிறி ஓடும் சத்தமே கேட்கவில்லை. பஸ் ஓட்டும் ஆட்டத்தை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கை மேஜையில் முடுக்கினேன். பிறகு பெடல்களை எடுத்துத் தரையில் வைத்தேன்.

வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆக்சிலேட்டர் வலது காலுக்கு. பிரேக்கும் வலது காலுக்கு.

எட்டு மாதம், நைனா. எந்தக் கார்டு எவ்வளவு சூடாகும், எந்தக் கேபினட்டில் காற்று நன்றாகப் போகும் என்று எல்லாம் படித்தேன். ஓட்டப் போகிறவனுக்கு வலது கால் இல்லை என்பது ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. சரி செய்வதற்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. செட்டிங்கில் போய் ஆக்சிலேட்டரை இடது பெடலுக்கு மாற்றினேன், பிரேக்கை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டனுக்கு மாற்றினேன். அவ்வளவுதான். உனக்கு இது தோன்றாமல் இருந்திருக்குமா, ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வாய்விட்டே சொன்னேன் போல. வாசலில் நின்றிருந்த அம்மா பதில் சொன்னாள்.

“எங்கிட்ட சொன்னாரு. இந்தக் கால வெச்சிக்கினு எப்டி ஓட்றதுன்னு தெர்லன்னு. பாப்பாவ கேக்கறதுதானன்னேன். கேட்டா வாணான்னு சொல்லிடுவாளோன்னு பயமா இருக்குதுன்னாரு.”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ என்னிடம் பயந்தாய். திருமலைப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் மழையிலும் மூடுபனியிலும் திரும்பினவன், சொந்த மகளிடம் ஒரு கேள்வி கேட்கப் பயந்திருக்கிறாய். செருப்புச் சத்தம் கேட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தவளுக்கு இது நிறைவாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன், அது வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதவும் மனம் வரவில்லை. நீ கொடுத்த பயம் என்னிடம் இன்னும் இருக்கிறது, நான் உனக்குக் கொடுத்ததை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்தக் கம்ப்யூட்டரில் நான் விளையாடுகிறேன். நன்றாக ஓடுகிறது. விளையாடும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. “துன்னுட்டு ஆடு” என்று மட்டும் அம்மா சொல்வாள்.

போன வாரம் எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை மேடம் என்று திரும்பிப் போனாள். நான் வேறெதுவும் சொல்லவில்லை, நைனா, பார்த்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவள் இடத்துக்கே போய்க் கேட்டேன். அக்காவுக்கு நிச்சயதார்த்தம், இரண்டு நாள் லீவு வேண்டும் என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. அங்கேயே நின்று லீவுத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகும் அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மனம் மாறிவிடுவேனோ என்று.